உப்பில்லா விரதமும் உப்புக் குளமும்

வெங்கிடாசலத்துக்கு நீந்தத் தெரியாது. எர்ணாகுளத்துக்கு எதிரே மட்டாஞ்சேரி ஜெட்டியில் தினமும் காலை ஏழேகால் படகு ஏறுவார். ஏறியதும் நேராகப் படகின் நடுப்பலகைக்குப் போய், இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அக்கரையில் தீவு வந்து படகைக் கட்டிய பிறகுதான் கையை எடுப்பார். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியவர் அல்லர். அப்படிப்பட்டவரிடம்தான் தீவிலிருந்த ஹோட்டல் ஒன்று தன் நீச்சல் குளத்தை ஒப்படைத்திருந்தது.

ஒப்படைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. குளத்தோடு ஒரு இயந்திரமும் இருந்தது. அவர் மின்சாரத் தொழில் படித்தவர். 1976இல் ஹோட்டல் முதலாளி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டு வரும்போது, மற்றவர்கள் கடிகாரமும் கம்பளிச் சட்டையும் கொண்டுவருவதைப் போல, உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவரை குளத்தில் பிளீச்சிங் பவுடர் கொட்டிக்கொண்டிருந்தார்கள். குளித்த வெள்ளைக்காரர்கள் கண் சிவந்து, அழுதவர்கள் போல வெளியே வருவார்கள். புதிய கருவிக்குப் பவுடர் வேண்டாம். குளத்து நீரில் கொஞ்சம் உப்பைக் கரைத்துவிட்டால் போதும். நீர் ஒரு கண்ணாடிக் குழாய் வழியாகப் போகும், குழாய்க்குள் உலோகத் தகடுகள், தகடுகளில் மின்சாரம். உப்பு உடைந்து குளோரின் பிறக்கும், அழுக்கைக் கொல்லும், கொன்றுவிட்டு மறுபடியும் உப்பாகிவிடும். உலகத்தில் எதுவும் அழிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை என்று வெங்கிடாசலம் கருதினார். சாட்சி மழைக்காலத்தில் பிறழும் என்பதை அவர் பின்னால்தான் தெரிந்துகொண்டார்.

ஆயிரம் லிட்டர் நீருக்கு நாலு கிலோ உப்பு. இது கையேட்டுக் கணக்கு. கண்ணீரில் இருப்பதில் பாதி கூட இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது. உப்பின் அளவைக் காட்ட, மிதக்கும் கண்ணாடிக் குச்சி ஒன்றும் கருவியோடு வந்திருந்தது. அது 1979இல் உடைந்தது. புதிதாக ஒன்று தருவிக்க இறக்குமதி அனுமதி வேண்டும் என்றார்கள். விண்ணப்பம் டெல்லிக்குப் போயிற்று. இன்னும் திரும்பி வரவில்லை.

குச்சி உடைந்ததைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. காரணம், வெங்கிடாசலத்தின் நாக்கு.

அவர் அப்பா மட்டாஞ்சேரியிலும் திருப்பூணித்துறையிலும் கல்யாணங்களுக்குச் சமைத்தவர். நைவேத்தியம் ஆகாத பண்டத்தைச் சமையல்காரன் நாக்கில் வைக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம். அவர் ஆவியை முகர்ந்து உப்புச் சொல்வார். பிள்ளையோ மின்சாரம் படிக்கப்போய், நாக்கில் வைத்தே உப்புச் சொல்கிற உத்தியோகத்தில் வந்து சேர்ந்தார். குச்சி இருந்த காலத்தில் தினமும் காலையில் ஒரு கை குளத்து நீரை நாக்கு நுனியில் ஏந்தித் துப்புவார். வாயில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அப்புறம் குச்சியைப் பார்ப்பார். வருஷம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் அரைக் கிலோ வித்தியாசம் வந்ததில்லை. ஹோட்டல் மேனேஜர் குருவிளா ஒருநாள் ஐந்து டம்ளரில் ஐந்து விதமாக உப்புக் கலந்து வைத்துச் சோதித்தார். ஐந்தையும் வரிசைப்படுத்திக் கொடுத்தார் வெங்கிடாசலம். அன்றிலிருந்து ஹோட்டல் பதிவேட்டில் ‘உப்பு’ என்ற கட்டத்தில் அவர் சொன்னதே எழுதப்பட்டது.

வீட்டில் மனைவி ஜெயலக்ஷ்மிக்கு மட்டும் இந்த நாக்கு விஷயம் தெரியாது. ஆறு வருஷமாக அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லக்கூடியதாகவும் அது இல்லை.

ஆறு வருஷமும் அவர் தற்காலிக ஊழியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நியமனத்தை நீட்டிக் கடிதம் வரும். ‘நிரந்தரம்’ என்ற சொல் எந்தக் கடிதத்திலும் வரவில்லை. 1982 மே மாதம், ஜெயலக்ஷ்மி ஒரு வழி சொன்னாள். குடும்பத்தின் பழைய வேர் கும்பகோணம் பக்கம், குலதெய்வம் உப்பிலியப்பன். அந்தப் பெருமாளுக்கு உப்பில்லாத நைவேத்தியம்தான். அவரை நினைத்து ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், உப்பில்லாமல் சாப்பிட்டால் நினைத்தது நடக்கும் என்று அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக நம்பிக்கை.

“உத்தியோகம் ஸ்திரமாறத்துக்காக உப்பை விடறதா?” என்றார் வெங்கிடாசலம். “உப்புதானாக்கும் என் உத்தியோகமே.”

“அதனாலதான் சொல்றேன். பிரியமானதை விட்டாத்தான் விரதம். பாகற்காயை விடறேன்னு ஆரும் நேந்துக்க மாட்டா.”

ஜூன் முதல் வாரம் விரதம் ஆரம்பித்தது. அதே வாரம் இடவப்பாதி என்று அங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழையும் ஆரம்பித்தது.

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் வாரம் குளத்தின் மூலைகளில் வழவழப்பு வந்தது. ஐந்தாம் வாரம் படிக்கட்டு பச்சையாயிற்று. சோதனைக் குப்பியில் நீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருக்குமானால் மஞ்சளாக வேண்டும். அது வெள்ளையாகவே இருந்தது. கருவியின் முள் வழக்கமாக இருபதில் நிற்கும். இப்போது எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் படுத்துக்கிடந்தது.

குருவிளா குடையோடு வந்து கரையில் நின்று பார்த்தார்.

“சாமீ, எந்தா இது? குளமோ, கீரைத் தோட்டமோ?”

“தகட்டில சுண்ணாம்பு பிடிச்சிருக்கும் சார். கழுவினாச் சரியாகும்.”

“சரியாகணும். வெள்ளியாழ்ச்ச முதலாளி வரும். அதுக்குள்ளே வெள்ளம் தெளிஞ்சில்லெங்கில், மெஷீன் ஆக்ரிக்கடைக்கு, பழைய இரும்பு விலைக்கு. பழைய பவுடர்க் கம்பெனி இப்பவே கொட்டேஷன் தந்தாச்சு.” சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, அடுத்ததையும் சொன்னார். “மெஷீன் இல்லெங்கில் மெஷீனுக்கு ஒரு ஆளும் வேண்டா. அது எனக்கு இஷ்டமில்லா. ஆனாலும் பறயணுமல்லோ.”

அன்று திங்கட்கிழமை. விரதத்தின் நாற்பதாம் நாள்.

வெங்கிடாசலம் கையேட்டைப் பிரித்து, அது சொன்ன வரிசையில் போனார். தகடுகளை வெளியே எடுத்தார். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது உண்மைதான். ஒரு பங்கு ஆசிட்டுக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து ஊறவைத்தார். நுரைத்துக் கரைந்து தகடு புதுப்பாத்திரம் போல ஆயிற்று. மாட்டி ஓட்டினார். முள் ஒன்பதரைக்கு வந்தது. மின் இணைப்புகளை அவிழ்த்து, பச்சைக் களிம்பைச் சுரண்டி, இறுக்கிக் கட்டினார். முள் அசையவில்லை. நீரோட்டம் குறைவோ என்று மணல் வடிகட்டியைத் தலைகீழாக நீர் விட்டு அலசினார். அலசிய அழுக்கு நீர் கால்வாய் வழியாகக் காயலில் போய் விழுந்தது. ஓட்டம் நன்றாக இருந்தது. முள் ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. வைத்தியம் செய்யச் செய்ய நோய் ஏன் கூடுகிறது என்று அவர் வடிகட்டியை இன்னொரு தடவை அலசினார்.

கையேட்டின் கடைசி வரி: இவையெல்லாம் சரியாக இருந்தும் முள் எழவில்லையென்றால், உப்பைச் சோதி.

அதைத்தான் அவர் தினமும் சோதித்துக்கொண்டிருந்தாரே. இப்போதும் குனிந்து ஒரு கை நீரை எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார்.

“நாலு. கச்சிதமா நாலு.”

பக்கத்தில் நீண்ட கம்பில் கட்டிய பிரஷ்ஷால் பாசி தேய்த்துக்கொண்டிருந்த ஒச்சப்பன் சிரித்தான். உசிலம்பட்டிக்காரன். எர்ணாகுளத்துக்குக் கட்டட வேலைக்கு வந்து, மழையில் வேலை நின்றுபோனதால் ஹோட்டலில் தினக்கூலிக்கு இருந்தான்.

“சாமி, நானும் தேய்க்கும்போது வாயில தெறிக்குது, பாக்குறேன். இதுல உப்பே இல்ல சாமி. எங்கூரு கண்மாத் தண்ணி இதவிடக் கரிக்கும்.”

“கருவாடு தின்ன நாக்கு. உனக்குக் கடலே சப்புன்னுதான் இருக்கும்.”

“கருவாடு தின்ன நாக்குக்குத்தான சாமி உப்பு தெரியும்?”

“தெரியாது. தினம் மூட்டை தூக்கறவனுக்குப் பெட்டி கனக்குமோ? அதுபோல.”

உவமை நன்றாக இருந்தது. அதனால் வெங்கிடாசலம் அதை நம்பினார். நல்ல உவமை கிடைத்துவிட்டால் படித்தவர்கள் அதற்குமேல் சோதித்துப் பார்ப்பதில்லை. ஒச்சப்பன் தோளைக் குலுக்கிக்கொண்டு பாசியைத் தேய்க்கப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் மின்மாற்றியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். அதில் குற்றமே இல்லை. குற்றமில்லாத பொருளைப் பழுதுபார்ப்பது மிகக் கடினமான வேலை. எங்கே நிறுத்துவது என்று தெரியாது. மாலை ஆறு மணிப் படகில் நனைந்துகொண்டே மட்டாஞ்சேரி திரும்பி, கிணற்றடியில் தலையோடு குளித்துவிட்டு, இலை முன்னால் உட்கார்ந்தார். சாதம், பருப்போடு கடைந்த கீரை மொளகூட்டல். முதல் கவளம் வாயில் போனதும் கை நின்றுவிட்டது.

“இதுல உப்புப் போட்டிருக்காய்.”

“நானா? நாற்பத்தோரு நாளாப் போடாதவள் இன்னிக்குப் போடுவேனா?”

“நாக்குப் பொய் சொல்லாது. மறந்து போட்டிருப்பாய். நான் இங்க பட்டினி கிடக்கற மாதிரி விரதம் இருக்கேன், நீ அடுக்களையில ஆகாசத்தைப் பாத்துண்டு—”

“பொய் பறயாதீங்கோ ஏன்னா.” ஜெயலக்ஷ்மி எழுந்து போய், உப்பு வைக்கும் மரக் கிண்ணமான மரவையைக் கொண்டுவந்தாள். அவர் முன்னாலேயே அதைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு கல் விழவில்லை. “தீர்ந்துபோய் ரெண்டு நாளாறது. இந்த மழையில ஆரு கடைக்குப் போறது? நானும் இந்தச் சவக்கூட்டானைத்தான் ரெண்டு நாளாத் தின்னுண்டிருக்கேன். எனக்கு வாயில மண்ணு மாதிரி இருக்கு. உங்களுக்குக் கரிக்கறதாக்கும்!”

வெங்கிடாசலம் கவிழ்ந்த மரவையைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். இன்னொரு துளி மொளகூட்டலை நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடினார். கரித்தது. சந்தேகமில்லை. கீரையில் மண் தந்த உப்பு எவ்வளவு இருக்குமோ அவ்வளவும் அவர் நாக்குக்குக் கேட்டது. நாற்பது நாள் பேச்சில்லாத வீட்டில் பல்லி சொல்வது இடி மாதிரிக் கேட்பதைப் போல.

“ஜெயம்,” என்றார். “குளத்தில உப்பு இல்லை.”

“எந்தக் குளத்தில?”

“ஹோட்டல் குளத்தில. மழை பெஞ்சு வழிஞ்சு, நான் வேற அலசி அலசி வெளியில விட்டு, உப்பு பாதியாயிருக்கு. என் நாக்கும் அதே நாளா உப்பில்லாமக் கூராயிண்டே வந்திருக்கு. அது குறையக் குறைய இது கூடியிருக்கு. அதனால எனக்குத் தினமும் நாலு, நாலுன்னே—”

“நில்லுங்கோ. குளத்தில உப்பு இருக்கா இல்லியான்னு உங்க நாக்குக்கு எப்படித் தெரியும்?”

ஆறு வருஷத்து ரகசியம் இலை முன்னால் இப்படி வெளிவந்தது. ஜெயலக்ஷ்மி மெதுவாகக் கேட்டாள்.

“துரைமாரும் துரைசானிமாரும் குளிச்ச ஜலத்தையா?”

“துப்பிடுவேன்.”

“துப்பினா?”

“வாயைக் கொப்புளிச்சுடுவேன்.”

“எந்த ஜலத்தில?”

இந்தக் கேள்விக்கு வெங்கிடாசலத்திடம் விடை இருந்தது. ஆனால் அதைச் சொல்லவில்லை. ஜெயலக்ஷ்மி மரவையை நிமிர்த்தி வைத்தாள். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தவர் ஏமாந்தார். முதலாளி வரும் நாளை அவர் திங்கட்கிழமையே வீட்டில் சொல்லியிருந்தார். “வெள்ளிக்குள்ள சரியாகுமா?” என்று மட்டும்தான் கேட்டாள். ஆசாரம் பெரியதுதான், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடிதத்துக்குக் காத்திருப்பது அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

புதன்கிழமை காலை அவர் நாக்கை நம்பவில்லை. ஹோட்டல் அடுக்களையில் தராசு வாங்கி, நாலு கிராம் உப்பை நிறுத்து, ஒரு லிட்டர் மழை நீரில் கரைத்தார். இது ஒரு குவளை. குளத்து நீர் ஒரு குவளை. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் ஒச்சப்பன் முன்னால் நின்றார்.

“குடிச்சுப் பார்த்துச் சொல்லு. எது கரிக்கறது?”

ஒச்சப்பன் அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். பிரஷ்ஷைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, ஒவ்வொன்றாக வாயில் விட்டான், துப்பவில்லை, விழுங்கினான்.

“இது கஞ்சிக்கு ஆகும்.” மழைநீர்க் குவளையைக் காட்டினான். “அது ஆகாது. பாதிகூட இருக்காது சாமி. ஏன், கருவாடு தின்ன நாக்கு இன்னிக்கு மட்டும் நல்லாயிருச்சா?”

“நேத்தைக்கும் நல்லாத்தான் இருந்தது. எனக்குத்தான் கெட்டுப்போச்சு.”

பிறகு இரண்டு கிராம் கலந்து ஒன்று செய்தார். குளத்துநீரும் அதுவும் ஒன்றுபோல என்றான் ஒச்சப்பன். குளம் இரண்டு லட்சம் லிட்டர். குறைவது நானூறு கிலோ. எட்டு மூட்டை.

எட்டு மூட்டை உப்பு வாங்க மேனேஜர் கையெழுத்து வேண்டும். சீட்டில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘கனமழை’ என்று எழுதினால் பொய்யாகாது. மழை பெய்தது, உப்பு போயிற்று. யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். வெங்கிடாசலம் அப்படித்தான் முதலில் எழுதினார். எழுதிய பிறகு பதிவேட்டைப் பார்த்தார். ஜூன் ஒன்றிலிருந்து ஜூலை பதின்மூன்று வரை ‘உப்பு’ கட்டத்தில் நாலு, நாலு, நாலு என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அந்த நாலுகள் இருக்கும்வரை குருவிளா பழுதை இயந்திரத்தில்தான் தேடுவார். இயந்திரத்தைக் காப்பாற்றவேண்டுமானால் நாக்கைக் காட்டிக்கொடுக்கவேண்டும். ஆனால் அந்த நாக்குக்காகத்தான் ஹோட்டல் அவரை வைத்திருந்தது.

சீட்டைக் கிழித்துவிட்டு குருவிளாவின் அறைக்குப் போய், விரதம் முதல் மரவை வரை எல்லாவற்றையும் சொன்னார். ஒச்சப்பன் திங்கட்கிழமையே சொன்னதையும், தான் அவனுக்குச் சொன்ன பதிலையும் சொன்னார்.

குருவிளா நாற்காலியில் சாய்ந்தார்.

“எந்தினாணு விரதம்?”

“வேலை ஸ்திரமாகறதுக்கு சார்.”

குருவிளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. திரும்பியபோது முகம் மேனேஜர் முகமாகவே இருந்தது.

“சாமீ, எங்க வீட்டில் ஈஸ்டருக்கு முன்னே அம்பது நோம்பில் இறைச்சி விடும், மீன் விடும். உப்பு ஆரும் விடத்தில்லா. எட்டு சாக்கு போதுமோ?”

“போதும் சார்.”

“இனிமேல் ரெண்டு ஆள் நாக்கில் வச்சு நோக்கணும். ரெண்டு ஆளும் கையொப்பிடணும். ஒரு ஆள் மீன் தின்னுன்ன ஆளாயிருக்கணும்.” கையெழுத்துப் போட்டார்.

மட்டாஞ்சேரி பஜாரிலிருந்து தூத்துக்குடி உப்பு எட்டு மூட்டை மதியத்துக்குள் வள்ளத்தில் வந்தது. ஒச்சப்பன் மூட்டைகளைக் கரையில் பிரித்துச் சுற்றிலும் தூவினான். பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று மணிக்கு முள் பன்னிரண்டு. ஐந்து மணிக்குப் பதினாறு. வியாழக்கிழமை காலை இருபதில் நின்றது, ஒன்றுமே நடவாததைப் போல. ஆனாலும் ஒரு மாதப் பாசியைக் கருவி தனியாக இரண்டு நாளில் கொல்லாது. ஸ்டோரில் மிச்சமிருந்த பழைய பிளீச்சிங் பவுடரில் ஒரு வாளியைக் கொட்ட வேண்டியிருந்தது. பவுடரை ஒழிக்க வந்த இயந்திரத்தைப் பவுடரால்தான் காப்பாற்ற முடிந்தது என்பதை வெங்கிடாசலம் பதிவேட்டில் எழுதவில்லை. எல்லா உண்மைக்கும் கட்டம் கிடையாது.

வெள்ளிக்கிழமை குளத்தின் அடியில் கிடந்த ஒரு பத்துப்பைசா கரையிலிருந்தே தெரிந்தது. முதலாளி வந்தார், குளத்தைப் பார்த்தார், “நல்லா வச்சிருக்கீங்க” என்றார், இளநீர் கேட்டார். குளிக்கவில்லை. ஸ்கிராப் பேச்சு அத்தோடு நின்றது. வெங்கிடாசலத்துக்கு வழக்கம்போல ஆறு மாதத்துக்கு நீட்டிக் கடிதம் வந்தது. நிரந்தரக் கடிதம் 1984 ஓணத்துக்கு முந்தின வாரம் வந்தது. அவரோடு சேர்த்து ஒன்பது பேருக்கு. அதில் ஒருவர் இரண்டு வருஷமாக வேலைக்கே வராதவர். அது விரதத்தின் பலனா, விரதத்தையும் மீறி வந்ததா என்பதில் கணவனும் மனைவியும் கடைசிவரை உடன்படவில்லை.

ஒச்சப்பன் கட்டட வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. ஆனால் அந்த ஒன்பது பேரில் அவன் பெயர் இல்லை. வெங்கிடாசலம் இரண்டு முறை குருவிளாவிடம் கேட்டார். “எழுதியிட்டுண்டு” என்றார் குருவிளா. டெல்லிக்குப் போன விண்ணப்பமும் எழுதியதுதான். பதிவேட்டில் மட்டும் தினமும் உப்புக் கட்டத்தில் இரண்டு கையெழுத்து இருந்தது. வீட்டில் தமிழ் பேசுகிற வெங்கிடாசலம் மலையாளத்தில் போட்டது ஒன்று. இரண்டு வகுப்புப் படித்த ஒச்சப்பன் தமிழில் போட்டது மற்றொன்று. இரண்டுக்கும் எண் ஒத்துப்போகாத நாட்களில் தராசை எடுத்தார்கள். பெரும்பாலும் ஒச்சப்பன் சரி.

விரதத்தை வெங்கிடாசலம் பாதியில் விடவில்லை. மிச்சமிருந்த நாட்களையும் முடித்தார். நாற்பத்தொன்பதாம் நாள் ஜெயலக்ஷ்மி எலுமிச்சை ரசம் வைத்தாள். புதிதாக வாங்கிய கல்லுப்பை மரவையிலிருந்து அள்ளி, அவர் பார்க்கும்படியாகவே போட்டாள். இலையில் ஊற்றிவிட்டு, ரசக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்து எதிரில் உட்கார்ந்தாள்.

முதல் வாய் உள்ளே போனதும் காது வரை சுரீரென்றது. காயலையே ஏந்திக் குடித்தது போலிருந்தது.

“உப்பு எப்படி?” என்று கேட்டாள்.

வெங்கிடாசலம் கஷ்டப்பட்டு விழுங்கினார். கண்ணில் நீர் கட்டியது. கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நீ பாத்துச் சொல்லு,” என்றார்.